ஏரியைச் சுற்றிப் போகும் பாதை

இலங்கையின் மலைநாட்டில் ஏரிகளைச் சுற்றிச் சைக்கிளில் பயணம் செய்வது, 2009இல் போர் முடிந்த பிறகு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வருகிறவர்கள் கண்டி வாவிக் கரையில் புறப்பட்டு, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறார்கள். அங்கே கிரகரி வாவியைச் சுற்றிவிட்டுத் தலவாக்கலை, ஹற்றன் ஊடாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்கும் இறங்குகிறார்கள். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1868 மீற்றர். இடையில் உள்ள தூரம் ஏறத்தாழ 77 கிலோமீற்றர்தான் என்றாலும், இறம்பொடை வளைவுகளை மிதித்து ஏறியவர் தமது முழங்கால்களை அதன்பின் இரண்டு நாட்களுக்கு மறக்கமாட்டார்.

இப்போது இதற்கென்று படங்களும் வழிகாட்டிகளும் வந்துவிட்டன. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவின் பேதுரு தோட்டத்தில் முடிகிற பீக்கோ பாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் கொடுத்த உதவிப் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கானது அது என்றாலும் மலைச் சைக்கிள்களும் அதில் ஓடுகின்றன. காசல்ரீ கரையிலே பழைய துரைமாரின் பங்களாக்கள் விடுதிகளாகியுள்ளன. அங்கே தங்குகிறவர்கள் காலையில் தேநீர் குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏரியைச் சுற்றி வருகிறார்கள். சுற்றுலாப் பிரசுரங்களில் தேயிலை உண்டு, அருவி உண்டு, மூடுபனி உண்டு, துரையின் பங்களாவும் உண்டு. அந்தப் பாதையை வெட்டியவர் யார், அந்த ஏரிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதற்கு மட்டும் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும். பிரசுரம் எழுதுகிறவர்மேல் அதற்காகக் கோபப்பட்டுப் பயனில்லை. அவருடைய வேலை அது அல்ல. ஆனால் புலம்பெயர்ந்து வந்து, விடுமுறைக்குப் பிள்ளைகளோடு 'சிலோன்' பார்க்கப் போகிற நாமும் அந்தப் பிரசுரத்தையே கையில் பிடித்துக்கொண்டு போவது ஏன் என்பதுதான் இங்கு கேட்கப்பட வேண்டியது.

நியூ ஜேர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எமது ஊரின் ஓரமாக டெலவெயர் ராரிட்டன் கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் உள்ள பாதையில் வார இறுதிகளில் எம்மவர் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு பிரின்ஸ்டன் பக்கம் போகிறார்கள். வழியில் கார்னெகி ஏரி கூடவே வருகிறது. 1906இல் மில்ஸ்டோன் ஆற்றைக் கிங்ஸ்டனில் மறித்து உண்டாக்கிய செயற்கை ஏரி அது. பல்கலைக்கழக மாணவர் படகோட்டுவதற்காக இரும்புச் செல்வந்தர் அன்ட்ரூ கார்னெகி கொடுத்த பணம். கால்வாய் அதைவிட மூத்தது. போர்டன்டவுனுக்கும் நியூ பிரன்ஸ்விக்குக்கும் இடையில் 44 மைல் நீளமான அதன் பிரதான பகுதி 1830இல் தொடங்கி 1834இல் வெட்டி முடிக்கப்பட்டது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். மண்வெட்டியும் கோடரியும் கைவண்டியுந்தான் கருவிகள். 1832இல் கொலரா வந்தது. செத்தவர்களைக் கரையோரத்திலேயே புதைத்தார்கள். பல குழிகளுக்கு அடையாளம் இல்லை. கல்லையும் நிலக்கரியையும் ஏற்றிய படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் செல்லும்பொருட்டுப் போட்ட பாதைதான் இன்று சைக்கிள் பாதை. 1932இன் முடிவில் கால்வாய்ப் போக்குவரத்து நின்றது. 1974இல் அது அரசாங்கப் பூங்காவாயிற்று.

கழுதை இழுக்கிற பாதையில் ஏற்ற இறக்கம் கிடையாது. அதனாற்றான் எட்டு வயதுப் பிள்ளையும் அதில் சைக்கிள் ஓட்டமுடிகிறது. இதே கணக்கு மலைநாட்டிலும் உண்டு. தோட்டத்துப் பாதைகள் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறுவதைச் சைக்கிள்காரர் மெச்சுகிறார்கள். அந்த மென்மையான சரிவு சைக்கிளுக்காகப் போட்டதல்ல. கோப்பி மூட்டை ஏற்றிய கரத்தையை மாடு எந்த அளவுக்கு இழுக்கும் என்று பார்த்துப் போட்டது. மாட்டுக்குக் காட்டிய இந்தக் கரிசனை மனிதருக்குக் கிடைக்கவில்லை. லயத்திலிருந்து கொழுந்து மலைக்குப் போகிற குறுக்குப் படிகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

கண்டி வாவியிலிருந்தே தொடங்கலாம். 1807இல் அதைக் கட்டுவித்தவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்க வம்சத்தவன்; கண்ணுசாமி என்பது இயற்பெயர். ஊதியமில்லாத இராசகாரிய ஊழியத்தால் வயலை வாவியாக்கினான். எதிர்த்தவர்களை அந்த வாவிக்குள்ளேயே கழுவேற்றினான் என்று கதை உண்டு. 1815இல் பிரித்தானியர் அவனைப் பிடித்து, மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1832இல் இறந்தான். நாடுகடத்தப்பட்டவன் கட்டிய ஏரியிலிருந்து சைக்கிள் பயணம் தொடங்குகிறது என்பதை ஒரு தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். 1832 என்ற அந்த ஆண்டையும் பாருங்கள்: இங்கே எமது கால்வாய்க் கரையில் ஐரிஷ்காரர் கொலராவில் சாகிறார்கள், வேலூரில் அரசன் சாகிறான், கோல்புறூக் குழுவின் சிபாரிசின்படி இலங்கையில் இராசகாரியம் ஒழிக்கப்படுகிறது. கட்டாய ஊழியம் போனபின், மலையை வெட்ட வேறு கைகள் வேண்டியிருந்தன.

அந்தக் கைகள் அதற்கு முன்னமே வரத் தொடங்கிவிட்டன. 1820களில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி போடப்பட்டபோது கண்டிய மக்களின் இராசகாரியத்தோடு, தென்னிந்தியாவிலிருந்து திரட்டிய பயனியர் படையும் பயன்படுத்தப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயில் இன்றும் உயர்ந்து நிற்கிற கோபுரம் அந்த வீதியைத் திட்டமிட்ட கப்டன் டோசனுக்கு எழுப்பியது. அவருக்குப் பின் வீதிகளுக்கென்றே வாழ்நாளைக் கழித்த தோமஸ் ஸ்கின்னர் சுயசரிதையே எழுதிவைத்தார். கல்லை உடைத்தவனுக்குக் கோபுரமும் இல்லை, சுயசரிதையும் இல்லை. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பக்கத்தில் கோப்பி பயிரிட்டதைத் தொடர்ந்து இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னால் ஆட்கள் வந்தார்கள். கடலைத் தோணியில் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதி, மலேரியா, பசி, காட்டு விலங்கு. 1840களில் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கினர் இறந்தார்கள் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்குப் போட்டது. அது மிகை என்று மறுத்தவர்களும் உண்டு. எண்ணி வைக்கவேண்டிய உயிர்கள் என்று எவரும் அப்போது நினைக்காததால் வந்த தகராறு அது.

1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலையைத் தொடங்கியிருந்தார். கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகிற ஆட்கள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே லயங்கள் வந்தன, குடும்பங்கள் வந்தன. பெண்களின் விரல்கள் கொழுந்துக்குப் பழகின. பீக்கோ பாதையின் தொடக்கக் கட்டங்களில் ஒன்று ரெய்லரின் அந்தத் தோட்டத்தைத் தொட்டுப் போகிறது. கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி வெட்டுவித்தது. வெயில் தாங்காத வெள்ளைக்காரர் இங்கிலாந்தை நினைத்துக்கொள்வதற்கு அது உதவிற்று. அதைப்பற்றி அதற்குமேல் சொல்ல எமக்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் வடக்கிலிருந்து வந்த எம்மைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தவருக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேடில்லாத மண், ஒழுங்கைக்குள் நுழையக்கூடிய வாகனம் அதுதான். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டு, பெற்றோலும் பற்றரியும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்டபோது குடாநாடே சைக்கிளில் ஓடிற்று. கரியரில் நோயாளி, பாரில் பிள்ளை, கைபிடியில் அரிசிப் பை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலியை இயக்கி பி.பி.சி. தமிழோசை கேட்டோம். கிளாலியில் படகுகளில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இருட்டில் கடல்நீரேரியைக் கடந்தோம். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவில் மிதிக்க இடமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். (2022இல் எரிபொருள் இல்லாமல் கொழும்பு மாநகரம் சைக்கிள் தேடி அலைந்தபோது வடபகுதி முதியவர்கள் சிலர் சிரித்திருப்பார்கள்.)

எமது நினைவுகளில், எமது சஞ்சிகைகளில் இந்தச் சைக்கிள் நிறையவே வருகிறது; வரவேண்டியதும்தான். ஆனால் அந்த நினைவு தட்டையான நிலத்தின் நினைவு. அது ஆனையிறவுக்குத் தெற்கே வன்னிவரை வந்து நின்றுவிடுகிறது. மலைக்கு ஏறுவதில்லை. இடம்பெயர்வு என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது எமக்கு 1983 நினைவுக்கு வருகிறது, 1995 வருகிறது, 2009 வருகிறது. 1964 எத்தனை பேருக்கு வருகிறது?

அதற்கு முன் 1948ஐச் சொல்லவேண்டும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி.வி. வேலுப்பிள்ளை, பூண்டுலோயாப் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த கவிஞர். இன்றைய நடைப்பாதைக்காரரும் சைக்கிள்காரரும் பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்குப் போகிறபோது அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1949இல் வந்த சட்டங்களும் அவருடைய வாக்காளர்களை நாடற்றவர்களாக்கின. 1952 தேர்தலில் மலைநாட்டிலிருந்து அந்தக் கட்சிக்கு ஒருவர்கூட இல்லை. அந்த 1948இலேயே ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சர் பதவி பெற்றது. செல்வநாயகம் பிரிந்து போய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம். எமது அரசியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைப் பொன்னம்பலத்துக்கும் செல்வநாயகத்துக்கும் இடையிலான சண்டையாகவே எழுதிவந்தார்கள். வாக்கை இழந்தவர்கள் அந்தக் கதையில் பின்னணிக் கூட்டமாக நிற்கிறார்கள்.

நாடற்றவர்களான அதே காலத்தில்தான் அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குகளில் அணைகள் எழுந்தன. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார். லக்சபானையின் முதற்கட்டம் 1950இல் வேலை செய்யத் தொடங்கியது. அதன் பிறகு கெகெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாகலை 1969இலும் நிறைந்தன. மவுஸ்ஸாகலைக்கு அடியில் பழைய மஸ்கெலியாப் பட்டணம் இருக்கிறது. கடைத்தெருவும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் நீருக்குள் போக, மேட்டில் புதிய மஸ்கெலியா எழுந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் வடிய வடிய, பழைய கோயிலின் சுவர்கள் சேற்றோடு வெளியே தெரிகின்றன. அப்போது சனங்கள் இறங்கிப்போய்ப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஹற்றனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற முப்பதுக்குச் சற்று மேற்பட்ட கிலோமீற்றர்தான் ஏரிக்கரைச் சைக்கிள் வழிகளில் மிக அழகானது என்று சொல்லப்படுகிறது. உண்மைதான், அழகானதுதான். அந்த வீதியின் ஒரு பகுதி நீருக்குள் போன வீதிக்குப் பதிலாக மேலே வெட்டியது.

அந்த நீரில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே கொழும்புக்குப் போயிற்று. ஏரிக்கரை லயங்களில் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகளுக்குக் குப்பி விளக்குத்தான். மகாவலித் திட்டத்தின் கொத்மலை அணையும் விக்டோரியா அணையும் 1985இலும், தலவாக்கலையில் மேல் கொத்மலை 2012இலும் வந்தன. கடைசியாகச் சொன்னதில் சென் கிளயர் அருவி மெலிந்ததுதான் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. லயங்களிலிருந்து எழுப்பிப் புது இடங்களில் குடியேற்றியவர்களைப் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவு.

காசல்ரீ அணையின் வேலை முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். பிறகு பார்த்தது 1974இல்: ஆளுக்கு 75,000. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. மகள் போகிறாள், தாய் நிற்கிறாள். புகையிரத மேடையில் எழுந்த அழுகையால் அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது.

ஒக்டோபர் 30 என்ற நாளைப் பற்றி இடையில் ஒரு குறிப்பு. 1990இல் அதே நாளில்தான் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். 1995இல் அதே நாளில்தான் வலிகாமத்திலிருந்து எமது வெளியேற்றம். மூன்றுக்கும் நாள் ஒன்று. மூன்றில் ஒன்றைத்தான் நாம் ஒவ்வோராண்டும் நினைவுகூருகிறோம்.

கப்பல் ஏறியவர்களில் கணிசமானோர் போய்ச் சேர்ந்த இடம் மறுபடியும் ஒரு மலைநாடு, மறுபடியும் ஏரிகள். தமிழ்நாட்டு அரசு இவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. 1976இல் அது ரான்ரீ என்று அழைக்கப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கங்களில் இவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். இலங்கையில் இந்தியக்காரர், இந்தியாவில் சிலோன்காரர். கழகத்தில் இடம் கிடைக்காதவர்களின் கதை இன்னும் மோசமானது. கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் போனவர்களிற் பலர் முன்பணக் கடனில் மாட்டிக் கொத்தடிமைகளாகக் கிடந்தது 1980களில் வெளியே வந்தது. 1863இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி அமைத்த கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைச் சைக்கிள் ஓட்டாத தமிழ்நாட்டுத் தேனிலவுத் தம்பதிகள் குறைவு. ஏரிக்கரைக்கும் அந்தப் பட்டைக் காடுகளுக்கும் இடையே அதிக தூரம் இல்லை.

நீலகிரியில் 2008 முதல் 'ரூர் ஒவ் நீல்கிரீஸ்' என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணம் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. மைசூர்ப் பக்கமிருந்து முதுமலைக் காட்டைக் கடந்து, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் ஊட்டிக்கு ஏறுவது அதன் பெருமை. ஊட்டி ஏரி 1820களில் கலெக்டர் ஜோன் சலிவன் வெட்டுவித்தது. ஆனால் சைக்கிள்காரர் விரும்புகிற மற்ற ஏரிகளான அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி ஆகியவை இயற்கை ஏரிகளும் அல்ல, வெள்ளைக்காரர் காலத்தவையும் அல்ல. குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் அவை. அந்தத் திட்டம் கனடாவின் உதவியோடு, கொழும்புத் திட்டத்தின் கீழ் நிறைவேறியது. 1950 சனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டு அமைச்சர்கள் மாநாட்டில் பிறந்ததால் அதற்கு அந்தப் பெயர். மலைநாட்டுத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்த சட்டங்களின் மை காயாத நேரத்தில் அதே கொழும்பில் உருவான திட்டம் நீலகிரியில் ஏரிகளை உண்டாக்குகிறது. சில ஆண்டுகள் கழித்துக் கொழும்பு வேண்டாம் என்று கழித்த மனிதர்கள் அந்த மலைகளுக்கே வந்து சேர்கிறார்கள். நாம் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் பொருத்தம் கூடிப்போயிற்று என்று யாராவது குறை சொல்லியிருப்பார்கள்.

அங்கேயும் கதை முடியவில்லை. தேயிலை விலை விழுந்து கழகம் நட்டத்தில் ஓட, 2022இல் அதன் நிலத்தின் ஒரு பகுதியைக் காட்டிலாகாவிடம் திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு முடிவு செய்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் குடியிருப்புகளைக் காலிசெய்யவேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது. அரசாங்கம் மாற்று வீடு பற்றிப் பேசிற்று. 1970இல் முப்பது வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறியவருக்கு அப்போது எண்பதைக் கடந்திருக்கும்.

மலைநாட்டில் தங்கியவர்களும் தங்கிய இடத்தில் இருக்கவில்லை. 1958இல் அடி, 1977இல் அடி, 1983இல் அடி. 1977க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இறங்கிக் காடு வெட்டிக் குடியேறினார்கள். டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அவர்களுக்கு உதவிற்று. ராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மலையிலிருந்து இறங்கியவர்கள் வன்னியின் தட்டை நிலத்தில் சைக்கிள் பழகினார்கள். எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றார்கள். எல்லையோரக் கிராமங்களில் முதல் குண்டை வாங்கினார்கள். முள்ளிவாய்க்கால்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன கூட்டத்தில் அவர்கள் பெருந்தொகை. வன்னிக்குள்ளேயே அவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்த வாய்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. புலம்பெயர்ந்த நாடுகளில் முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றும்போது இறந்தவர் எல்லோருக்கும் ஒரே பெயரைச் சொல்கிறோம். கொத்மலையிலோ பூண்டுலோயாவிலோ பிறந்து அங்கே செத்தவர்களுக்கு இரண்டு ஊர்கள் இருந்தன என்று சொல்வதில்லை.

இத்தனையையும் ஒரு சைக்கிள் பயணத்தின் தலையில் கட்டுவதா என்று கேட்கலாம். விடுமுறைக்குப் போகிற பிள்ளை ஏரியைப் பார்க்கட்டும், அருவியைப் பார்க்கட்டும். எம்மவர் துக்கம் எங்கேயும் கூடவே வரவேண்டுமா? இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் டெலவெயர் ராரிட்டன் கால்வாயில் இதற்கு விடை இருக்கிறது. ஐரிஷ்காரரையும் கொலராவையும் பற்றி இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லுகிறார்கள். அதைக் கேட்டதால் எந்தப் பிள்ளையும் சைக்கிளை விட்டு இறங்கிவிடவில்லை. நாலு ஊரில் மிதித்துவிட்டு நிழலில் நின்று தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொல்லக்கூடிய அளவுதான் அந்தக் கதை. மவுஸ்ஸாகலை வளைவில் நின்று, இதற்குக் கீழே ஒரு பட்டணம் இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வழியில் தேநீர்க் கடையில் நின்று, கடைக்காரர் தமிழில் பேசுகிறார் என்று ஆச்சரியப்படாமல், ஐயாவின் ஆட்கள் எந்தத் தோட்டம், இந்தியா போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்க இன்னும் ஐந்து நிமிடம். அநேகமாக உண்டு என்பார். கோத்தகிரி என்பார், அல்லது கூடலூர்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு, 2023 யூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த ஒரு நடைப்பயணம் நடந்தது. முன்னோர் நடந்த வழியை அவர்களின் பேரப்பிள்ளைகள் பதினாறு நாட்களில் நடந்தார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் வடபகுதித் தமிழரும் வழியில் சேர்ந்து நடந்தார்கள். ஊர்களில் மோரும் சோறும் கொடுத்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தபின் கால்நடையாக யாரும் போகத் தேவையில்லாமல் போன வழி அது. சைக்கிளுக்கு அது இறம்பொடையைப் போலப் பயமுறுத்தாது. மன்னார்ப் பாலத்தைக் கடந்து, முருங்கன் வயல்கள், மடுச் சந்தி, செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை. இருபுறமும் குளங்கள், நிழலுக்கு மருதமரம். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் நாற்பது கிலோமீற்றர் போய்விடலாம். தம்புள்ளை வரையிலும் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாலந்தாவைத் தாண்டினால்தான் காற்றுக் குளிர்ந்து, பெடல் கனக்கத் தொடங்கும். அங்கிருந்து மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசல்வரை ஏற்றம்.